இரண்டு வண்டி நிற்கும் ஸ்டாண்டு

பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, இனிமேல் திருப்பி அனுப்ப வழியில்லை, அந்த மட்டுக்கும் நல்லது என்று ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மதியம் மூன்று மணி. என்னைச் சுற்றிக் கறுப்புக் குழாய்கள் ஏழு, வளைந்தவை நான்கு, நேரானவை மூன்று, ஒரு பிளாஸ்டிக் பையில் போல்ட்டுகள், நட்டுகள், வாஷர்கள், எல் வடிவத்தில் ஒரு சாவி, விளக்கம் ஒரு வரிகூட இல்லாமல் படம் மட்டும் போட்ட ஒரு தாள். உள்ளறையில் என் மனைவி வாணி படுத்திருக்கிறாள். இரண்டு தடவை எழுந்து போய்க் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், வலக்காது தலையணைக்குள் புதைந்திருக்கிறது, அப்படியென்றால் நான் இங்கே இரும்புக்கடையே வைத்தாலும் அவளுக்குக் கேட்காது, மேலே இருக்கிற இடக்காது மே மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டது. என்னைப் போல. எனக்காவது கேக் வெட்டிச் சால்வை போட்டு அனுப்பினார்கள். சே, இதென்ன நினைப்பு, வேலையைப் பார். நாளைக் காலை ஒன்பதரைக்கு மிருதுளா வருகிறாள், இரண்டாவது வீதியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற பெண், விஜயதசமி நல்ல நாள், சைக்கிள் பழக ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று வாணியின் வண்டியை எடுத்துப்போக வருகிறாள். பேசி முடித்தது வாணியேதான். அதற்கு முன்னால், அதாவது அவள் மத்தியானத் தூக்கம் கலைவதற்குள், வாயால் சொல்ல வக்கில்லாத நான் இந்த ஸ்டாண்டைப் பூட்டி, என் வண்டி, அவள் வண்டி இரண்டையும் அதில் நிறுத்தி, ஒன்றை எடுத்தால் அந்த இடம் மொட்டையாகத் தெரிகிற மாதிரி செய்துவிட வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

முதல் படத்தில் ஏ-யும் பி-யும் சேர்கின்றன. சேர்த்துப் பார்க்கிறேன், சேரவில்லை, தலைகீழாகத் திருப்பினால் சேர்கிறது. பம்பு கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். அடுத்தவன் செய்து கொண்டுவந்ததில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம், என் கையால் ஒரு பம்பைப் பூட்டியது கிடையாது. சிவஞானம் சார் மேசைக்குப் போனது திரும்பி வராது என்று எல்லோரும் என்னைக் கண்டு பயப்படுவார்கள். இந்தக் குழாய் அவர் மேசைக்கு வந்திருந்தால் அப்போதே சிவப்பு மை வைத்திருப்பார், துளை ஓரத்தில் பிசிறு, விரலைக் கீறுகிறது. கீறட்டும். வண்டி விழாமல் நின்றால் போதும். விழுந்ததுதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம். இல்லை, ஆரம்பம் அதற்கும் முன்னால். வாணியின் இடக்காதுக்குப் பின்னால் உள்ளே ஒரு கட்டி, நல்ல கட்டிதான் பயப்படாதீர்கள் என்றார் டாக்டர், கட்டியில் என்ன நல்ல கட்டி, அது உட்கார்ந்திருந்தது கேட்கிற நரம்பின் மேல், பக்கத்திலேயே நிதானத்தைப் பார்த்துக்கொள்கிற நரம்பு, கட்டியை எடுத்தபோது இரண்டும் சேர்ந்து போயிற்று. உயிர் இருக்கிறது, முகம் கோணவில்லை, அதற்கே மருதமலைக்கு நடந்துவருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன், இன்னும் போகவில்லை. மூளை பழகிக்கொள்ளும், ஆனால் நாம்தான் பழக்க வேண்டும், சுவரைப் பிடிக்காமல் நடக்கச் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். வாணி சுவரைப் பிடித்தேதான் நடந்தாள். ஐந்து மாதத்தில் உள்ளறையிலிருந்து சமையலறை வரைக்கும் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மங்கல் கோடு விழுந்துவிட்டது, அவள் உள்ளங்கை போட்ட கோடு. போன மாதம் ஒரு காலையில் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தவள், சுவர் முடிகிற இடத்தில் கையை நீட்டி, அங்கே சாய்த்துவைத்திருந்த என் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டாள். என் வண்டியின் மேல் அவள் வண்டி சாய்ந்திருந்தது. மூன்றும் விழுந்தன, வண்டி இரண்டு, அவள் ஒன்று. நான் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தேன். பெடல் முழங்காலில் குத்திக்கொண்டிருக்க, காபி தரையெல்லாம் ஓட, அவள் அழவில்லை, மேலே சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ராத்திரி சாப்பிடும்போது, "என் வண்டியக் குடுத்தரலாமுங்க" என்றாள். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன். பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

உங்க வண்டிக்கு மட்டும் ஒரு ஸ்டாண்டு வாங்கிப்போடுங்க, அது கண்ட எடத்துல சாஞ்சு நிக்க வேண்டாம் என்பதும் அவள் உத்தரவுதான். ஸ்டாண்டு வாங்குவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். மூன்று வாரம் பிடித்தது. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் விடலாம், ஆனால் அங்கே விட்டுத்தான் ஒரு தடவை அவள் வண்டிச் சீட்டு மட்டும் காணாமல்போனது, சீட்டில்லாத வண்டியை அவள் பார்த்த பார்வையை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. சுவரில் கொக்கி மாட்டித் தொங்கவிடலாம், அழகாக இருக்கும், ஆனால் இது வாடகை வீடு, கீழ்வீட்டில் இருக்கிற ஓனர் மருதாசலத்துக்குச் சுவரில் ஆணி இறங்குகிற சத்தம் மட்டும் எந்தத் தூக்கத்திலும் கேட்கும். தரைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கம்பத்தை முட்டுக்கொடுத்து வண்டிகளை மேலும் கீழுமாக மாட்டுகிற வகை ஒன்று, ஓட்டை வேண்டாம், ஆனால் மேலே மாட்ட வண்டியை நெஞ்சுக்கு மேல் தூக்க வேண்டும், தூக்குவேன், நான் தூக்குவதைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றும். புனேயிலிருந்து மகன், எதுக்குப்பா இதெல்லாம், ரெண்டையும் குடுத்துட்டு வீட்டுக்குள்ளயே நடக்கற மெஷின் ஒண்ணு வாங்கிக்குங்க என்றான், அத்தோடு போனை வைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது தரையில் வைக்கிற ஸ்டாண்டு. அதிலும் டயர் மட்டும் செருகுவது ஒன்று, சக்கரத்தைப் பாதி உயரத்துக்கு வளையம் கட்டிப் பிடிப்பது ஒன்று, இரண்டாவதுதான் அசையாது. டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலை அளந்தேன். கோடு விழுந்த சுவரோரம் வைத்தால் அவள் நடக்கிற வழி போய்விடும், அது கூடாது. எதிர்ச் சுவரில் செருப்பு அலமாரியை நகர்த்தினால் மூன்றடி இரண்டங்குலம். ஒற்றைக்கு ஒன்றரை அடி போதும். இரட்டைக்கு இரண்டே முக்கால். போனில் ஒற்றையைத் தொட்டேன், இரட்டையைத் தொட்டேன், ஒற்றையைத் தொட்டேன். இரண்டே முக்காலும் உள்ளே அடங்குகிறது, அடங்குகிற ஒன்றை வேண்டாமென்று சொல்ல என்ன காரணம், தரப் பரிசோதகனுக்கு அளவு சரியென்றால் சரிதானே. இரட்டையைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கேட்டால் ஒற்றை தீர்ந்துபோச்சாம் என்று சொல்ல ஒரு பொய்யும் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

வளையம் நான்கும் அடிக்குழாயில் நின்றுவிட்டன, கையால்தான் பிடிக்கவைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் முதலில் லூசாக மாட்டி, நேர்பார்த்து, கடைசியில் மொத்தமாக இறுக்குவதுதான் முறை, அது எனக்குத் தெரியும், பூட்டத்தான் தெரியாது. இப்போது எல் சாவியைப் போல்ட் தலையில் செருகித் திருப்புகிறேன். திரும்புகிறது. திரும்பிக்கொண்டே இருக்கிறது. இறுகவில்லை. குனிந்து பார்த்தால் அடியில் நட்டும் கூடவே சுற்றுகிறது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு, கழன்று வராது, ஆனால் கையால் பாதிக்கு மேல் ஏறவும் ஏறாது, அதை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேலே சாவியைத் திருப்ப வேண்டும். பெட்டியில் சாவி கொடுத்த புண்ணியவான் ஸ்பேனர் கொடுக்கவில்லை, வீட்டில் இருக்குமல்லவா என்று நினைத்திருப்பான். இருக்கிறது. பன்னிரண்டு-பதின்மூன்று ஸ்பேனர், இந்த நட்டுக்கு அளவெடுத்த மாதிரி. எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். பூஜை அலமாரிக்கு முன்னால், வாழையிலையில், பொரிகடலைக்கும் சுண்டலுக்கும் பக்கத்தில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. காலையில் என் கையால்தான் வைத்தேன். வாணிக்குக் குனிந்தால் தலை சுற்றும் என்பதால் இந்த வருஷம் ஆயுத பூஜை என் பொறுப்பு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கத்தரிக்கோல், அரிவாள்மனை, கட்டிங்பிளேயர், ஸ்பேனர் செட்டு, கம்பெனியில் கடைசி நாளன்று கொடுத்த வெர்னியர் அளவுகோல், அளக்கிற டேப் வரைக்கும் ஒன்று விடாமல் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து அடுக்கினேன், மத்தியானம் இந்தப் பெட்டியைப் பிரிக்கப் போகிறோமே என்று புத்தியில் உறைக்கவேயில்லை. பூஜையில் வைத்ததை நாளைக் காலை மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். அது வரைக்கும் ஆயுதங்களுக்கு ஓய்வு. யாரிடமாவது இரவல் கேட்கலாமென்றால் இன்று கோயமுத்தூரில் எந்த வீட்டில் ஸ்பேனர் சும்மா இருக்கும், ஊர் முழுக்க எல்லாமே பொட்டு வைத்துப் படுத்துக் கிடக்கும். மருதாசலத்திடம் போய்க் கேட்டால் குடியிருப்பவன் என்றுகூடப் பார்க்காமல், நாத்திகனா நீ என்பார்.

கையாலேயே பிடித்துப் பார்க்கிறேன், நட்டு விரலை உரிக்கிறது. துணி சுற்றிப் பிடிக்கிறேன், துணியும் சுற்றுகிறது. இரண்டு வண்டியும் சாப்பாட்டு மேசையில் சாய்ந்து என்னைப் பார்க்கின்றன. காலையில் அவற்றுக்கும் பொட்டு. குடுக்கப்போற வண்டிதானேன்னு விடாதீங்க, நல்லாத் தொடைச்சு வைங்க என்று வாணி சொன்னாள், அவள் வண்டியைத்தான் முதலில் துடைத்தேன், ஸ்போக் ஸ்போக்காக. நீலவண்டி, குறுக்குக் கம்பி இல்லாதது. அதில் இருந்த சைடு ஸ்டாண்டு குதிகாலில் இடிக்கிறது என்று அவளே கழற்றிப்போடச் சொல்லிவிட்டாள், ஐம்பத்து மூன்று வயதில் சைக்கிள் பழகியவளுக்கு வந்த மிடுக்கைப் பாருங்கள். பழகியதே எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்புவாள், திருநீறோடு திரும்பி வருவாள், ஒரு நாள் முழங்கையில் சிராய்ப்பு, கோயில்ல வழுக்கிருச்சுங்க என்றாள், எந்தக் கோயிலில் இப்படி வழுக்குகிறது என்று நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடவள்ளி பஸ் ஸ்டாப் டீக்கடையில் நான் நின்றுகொண்டிருக்க, நடுரோட்டில் சுடிதார் போட்டுக்கொண்டு ஒரு பெண் சைக்கிளில் போகிறாள், முதுகு விறைத்து, கழுத்து அசையாமல், பக்கத்துப் பெஞ்சுக்காரர் அது உங்க ஊட்டம்மா மாதிரி இருக்குதுங்களே என்கிறார், மாதிரி என்ன மாதிரி, அவளேதான், என்னைப் பார்த்துவிட்டாள், ஆனால் தலையைத் திருப்பினால் வண்டி திரும்பிவிடும் என்று திருப்பாமலே போகிறாள். சிரிப்பை மட்டும் கொஞ்சம் என் பக்கம் விட்டுவிட்டுப் போனாள். அடுத்த மாதமே நானும் ஒரு வண்டி வாங்கிவிட்டேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவோம், தொண்டாமுத்தூர் ரோடு, பேரூர்க் குளத்தங்கரை, அவள் முன்னால், நான் பின்னால். வேகமாகப் போகிறவன் முன்னால் போகட்டும் என்று நான் சொல்வேன், போங்களேன் என்பாள், நான் போகமாட்டேன். முன்னால் அவள் முதுகு இருந்தால்தான் எனக்கு ரோடு பிடிபட்டது. மே மாதத்திலிருந்து என் வண்டியையும் தொடவில்லை. அவளைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நாளை ஒன்பதரைக்கு நீலவண்டி போய்விடும். போனால் என்ன, ஒரு வண்டி. ஆனால் அதோடு நிற்குமா என்று ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முதலில் வண்டி, அப்புறம் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போவது, அப்புறம் வாசல் படி, ஒவ்வொன்றாக இதுவும் வேண்டாமுங்க, அதுவும் வேண்டாமுங்க என்று கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் அந்தக் கோட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவிலேயே முடங்கிவிடுவாள். டாக்டர் சொன்ன பயிற்சி எதையும் செய்வதில்லை. ஒற்றைக்காலில் நில்லுங்கள் என்று படம் போட்டுக் கொடுத்த தாள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, பால் கணக்கு மாதிரி அதையும் கடந்துபோகிறாள். நான் அதட்டியிருக்க வேண்டும். வாணி, விக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வருகிறது, வந்ததும் அன்றைக்கு விழுந்தாளே அந்தச் சத்தம் கேட்கிறது, மறுபடி ஏறி மறுபடி விழுந்தால், தலையில் அடிபட்டால், அப்போது ஏற்றிவிட்டது யார், நான். பம்பில் கசிவு இருந்தால் நிராகரித்துவிடலாம், பெண்டாட்டியிடம் என்ன செய்வது. இப்படியே எட்டு போல்ட்டும் லூசாக ஆட, வளையங்கள் கால் உடைந்த கட்டில் மாதிரி சாய்ந்து நிற்க, மணி மூன்றே முக்கால். எழுந்தேன். பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பதின்மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அரை மணியில் திருப்பி வைத்துவிடுகிறேன், பொட்டும் புதிதாக வைத்துவிடுகிறேன் என்று சாமியிடம் பேரம் பேசினேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சம்மதமே போதும் என்று ஸ்பேனரை எடுத்துச் சந்தனத்தைப் பனியனில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து முதல் நட்டைக் கவ்வினேன். கவ்வியதும் என்ன ஒரு நிம்மதி, சாவியைத் திருப்பத் திருப்ப இறுகுகிறது, உள்ளங்கையில் அது தெரிகிறது, முப்பத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் அனுபவித்த சுகம் இதுதானா. ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் ஸ்பேனர் வழுகித் தரையில் விழுந்து ஒரு சத்தம்.

"என்னுங்க அது?"

உள்ளறை வாசலில் நிற்கிறாள். எப்போது புரண்டு படுத்தாளோ, எப்போது வலக்காது வெளியே வந்ததோ. கலைந்த தலையும், நிலைப்படியைப் பிடித்த கையுமாக நின்று, என்னையும் குழாய்களையும் பார்த்து, கடைசியில் கண் தரைக்கு வந்து ஸ்பேனரில் நின்றது, அதன் நுனியில் மிச்சமிருந்த குங்குமத்தில். கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"பூசைல வெச்சத எடுத்தீங்களா?" என்றாள். "ஏனுங்க, அறிவிருக்குதா உங்களுக்கு? வருசத்துல ஒரு நாளு அதுக ஓய்வா இருக்கோணும்னு வெக்கறோம். சாயந்தரம்கூட ஆகல. அந்தச் சந்தனத்த வேற பனியன்ல தேச்சு வெச்சிருக்கறீங்க. நான் கெடையில கெடக்கறேன்னு என்ன வேணும்னாலும் பண்ணுவீங்களா இந்த ஊட்டுல?"

சொல்லிக்கொண்டே வருகிறாள். நிலைப்படியை விட்டு, சுவரை விட்டு, கோட்டை விட்டு, ஹாலுக்கு நடுவில் எதையும் பிடிக்காமல் வருகிறாள். ஒரு கை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு கை அவிழ்ந்த கொண்டையைப் பிடித்திருக்கிறது. நான் எண்ணுகிறேன், திட்டை அல்ல, அடியை, நான்கு, ஐந்து, இடப்பக்கம் ஒரு சாய்வு, தானாகவே நிமிர்ந்துகொண்டாள், ஆறு, ஏழு. எட்டாவது அடியில் நாற்காலி வந்தது, உட்கார்ந்தாள். வாணி, சுவரைப் பிடிக்காமல் நடந்தாய் என்று சொன்னால் அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் பயம் வந்துவிடும், திட்டு வாங்கிக்கொண்டே இருப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னும் ஒரு மாசத்துக்குத் திட்டட்டும், தினம் ஒரு ஸ்பேனரைத் திருடத் தயார்.

"எடுத்தது எடுத்தாச்சு," என்றாள் மூச்சு வாங்க. "பாதில போட்டுட்டா அதுக்கும் மேல தப்பு. முடிங்க. இங்க குடுங்க அத, நான் நட்டப் புடிச்சுக்கறேன், நீங்க மேல திருப்புங்க. ஒத்த ஆளா உக்காந்து இத்தன நேரம் என்ன பண்ணீட்டிருந்தீங்க?"

ஸ்டாண்டைத் தூக்கி அவள் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். அவள் குனியாமல் ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொள்ள, நான் மண்டியிட்டுச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. அவள் விரல் நுனியில் சந்தனம் ஒட்டியிருந்தது. ஆறாவதில் நிறுத்திவிட்டாள். வளையங்களை எண்ணுகிறாள் என்று தெரிந்தது. இதோ வருகிறது என்று பொய்யைத் தயாராக நாக்கில் வைத்துக்கொண்டேன்.

"இது என்னுங்க, ரெண்டு வண்டி நிக்கறதல்ல?"

ஒத்தை தீர்ந்துபோச்சாம் என்று சொல்ல வேண்டும், இரண்டே சொல். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உன் வண்டி போயிருச்சுன்னா எனக்குத் தனியாப் போறதுக்குப் பயமா இருக்குது, வாணி. உனக்குத் தொணைக்கு இருக்கறேன்னு சொன்னதெல்லாம் பொய்யி. நீ முன்னால இல்லாம எனக்கு வண்டி ஓட்ட வராது. நீ ஏறவே வேண்டாம். சும்மா நிக்கட்டும். ஆனா அது நிக்கோணும்."

சொல்லிவிட்டேன். அறுபத்தொரு வயதில் மண்டியிட்டுக்கொண்டு, கையில் எல் சாவியோடு. அவள் ஸ்பேனரை நட்டிலிருந்து எடுக்கவில்லை.

"நான் எதுக்குக் குடுக்கச் சொன்னேன்னு நெனச்சீங்க?" என்றாள் கடைசியில். "விழுந்ததுக்குன்னா? நான் விழுந்ததே இல்லையா என்ன, பழகறப்ப எத்தன தடவ விழுந்திருக்கறேன், உங்களுக்கென்ன தெரியும். தெனமும் காலைல அஞ்சே முக்காலுக்கு எந்திரிச்சு வந்து, என் வண்டியவே பாத்துட்டு நிக்கறீங்க. பொறவு உங்க வண்டியத் தொடாம போயி பேப்பரப் பிரிக்கறீங்க. நான் படுத்துட்டே பாக்கறனுங்க. அது கண்ணு முன்னால இல்லாம போனாத்தான் நீங்க கெளம்புவீங்கன்னு நெனச்சேன். எனக்கு மட்டும் அத விக்க ஆசையாக்கும்?"

ஆக ஐந்து மாதமாக நான் அவளுக்காக உட்கார்ந்திருக்க, அவள் எனக்காக விற்க, இருவருமாகச் சேர்ந்து அந்த நீலவண்டியை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறோம். இதைப் பேசியே தீர்த்திருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் ஆகியும் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஆறாவதை முடித்து ஏழாவது போல்ட்டைத் தேவைக்கு மேல் இறுக்கினேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதும், மரை வழிஞ்சு போயிரும்" என்றாள். எட்டாவதும் முடிந்தது.

செருப்பு அலமாரி இருந்த இடத்தில் ஸ்டாண்டை வைத்தேன். ஆடவில்லை. என் வண்டியின் முன்சக்கரத்தை உள்ளே தள்ளினேன், வளையம் பிடித்துக்கொண்டது. நீலவண்டியைப் பக்கத்தில் தள்ளினேன், முழுதாகப் போகவில்லை, இரண்டு ஹேண்டில்பாரும் முட்டிக்கொண்டன. மூன்றடி இரண்டங்குலம் என்று அளந்த மகாராஜா ஹேண்டில்பாரின் அகலத்தை அளக்க மறந்திருக்கிறான், சிவப்பு மை எனக்குத்தான் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து வாணி சிரித்தாள். மே மாதத்துக்கு அப்புறம் இந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

"என்னுத திருப்பிப் போடுங்க. பின்சக்கரத்த உள்ள உடுங்க. ஒண்ணு தலமாடு, ஒண்ணு காலுமாடு. சின்ன வயசுல எங்கம்மா ஊட்டு ரூம்புல நாங்க அஞ்சு பேரு அப்புடித்தான படுப்போம்."

திருப்பினேன். பின்சக்கரம் உள்ளே போய் நின்றது. என் வண்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வண்டி ஹாலைப் பார்த்து, இப்போதே கிளம்புகிற மாதிரி நின்றது. அவள் அதையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எழுந்தாள். இந்தத் தடவை திட்டு இல்லை, கோபம் இல்லை, அதனால் நான் கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள், நான்கு அடி. குறுக்குக் கம்பி இல்லாத வண்டி என்பதால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, சும்மா உள்ளே வைத்தால் போதும். சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு கால் தரையில். அந்தக் காலும் மெதுவாக மேலேறிப் பெடலுக்குப் போனபோது அவள் மொத்தமாக இடப்பக்கம் சாய்ந்தாள், ஸ்டாண்டு கிர்ரென்றது, நான் இடப்பக்கம் ஓடி நின்று ஒரு கையால் ஹேண்டில்பாரையும் ஒரு கையால் அவள் முதுகையும் பிடித்துக்கொண்டேன். அவள் தோள் என் நெஞ்சில் இருந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"விழறனா?"

"இல்ல."

"என்னது? அந்தப் பக்கம் நின்னு பேசுனா எனக்குக் கேக்காது, இந்தப் பக்கம் வாங்க."

வலப்பக்கம் போனால் கேட்கும், ஆனால் விழுகிற பக்கம் இதுதான். இந்தப் பக்கம் நின்றால் பிடிக்கலாம், ஆனால் நான் சொல்வது எதுவும் அவளுக்குப் போகாது. நகரவில்லை. பதிலுக்கு முதுகில் வைத்த கையைக் கொஞ்சம் அழுத்தினேன். புரிந்துவிட்டது போலிருக்கிறது, கண்ணைத் திறந்தாள். நேராகப் பார்த்தாள், டீக்கடைக்கு முன்னால் போனபோது பார்த்த அதே மாதிரி, கழுத்தை அசைக்காமல். பிறகு பெடலைப் பின்னோக்கி மிதித்தாள். பின்னால் ஃப்ரீவீல் டிக்டிக்டிக் என்று ஓடியது. நிறுத்தினாள். மறுபடி மிதித்தாள். சத்தம் ஹால் முழுக்க, சமையலறை வரைக்கும் போயிற்று, கீழே மருதாசலத்துக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். அவள் கொஞ்சம் கொஞ்சமாக என் மேலிருந்து எடையை எடுத்துக்கொண்டிருந்தாள், முழுதாக இல்லை, ஒரு கையளவு. எனக்குத் தோள் வலித்தது, முழங்கால் வலித்தது, இப்படியே ராத்திரி வரைக்கும் நிற்கச் சொன்னாலும் நிற்பேன் என்றிருந்தது.

"ஏனுங்க, அந்தப் பல்டாக்டர் புள்ளைக்குப் போனப் போட்டு, வண்டி குடுக்கறதா இல்லைன்னு சொல்லீருங்க. பாவம், காலைல கெளம்பி வந்தரப் போகுது. இப்பவே சொல்லீருங்க."

"முடியாது. கை ரெண்டும் வேலையா இருக்குது."

"என்னது?"

"கை ரெண்டும் வேலையா இருக்குதுன்னேன்!" என்று வீடே அதிரக் கத்தினேன்.

"அப்பச் சரி," என்று வாணி மறுபடி மிதித்தாள்.